நாங்கள் கையெழுத்துப் போடாத வரவுத்தாள்

நான் குடியியல் படிப்பிக்கிற டீச்சர். எதையும் ஆதாரம் இல்லாமல் பேசமாட்டேன். ஹட்டனில் நடந்த அந்தக் கூட்டத்துக்கும் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் போனேன். காலநிலை விஷயத்தில் நம் நாடு உலகத்துக்குக் கொடுத்திருக்கும் வாக்குறுதியைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து மக்களிடம் அரசாங்கம் கருத்துக் கேட்கிறதாம். வாசலில், வந்தவர்கள் கையெழுத்துப் போடும் வரவுத்தாளை நீட்டினார்கள். பழக்கதோஷம், முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போட்டால் போதும் என்றார் கூட்டத்தை நடத்திய அதிகாரி.

மற்றவர்கள் என்றால் என் தங்கச்சியும், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அவளோடு குடியிருக்கும் பெண்கள் பத்துப் பேரும். எல்லோரும் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள். மஸ்கெலியாவில் பஸ் ஏறி என்னோடு வந்திருந்தார்கள். போன மழையில் அவர்கள் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. குடியிருக்கத் தகாது, வெளியேறவும் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே போவது என்று அதில் ஒரு வரி இல்லை. ரோட்டுக்குக் கீழே தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய சமமான நிலத்துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது. வீடு கட்டிக்கொள்ள அதைக் கேட்டு நாங்கள் எழுதாத கடிதம் இல்லை. இப்போது அந்தத் துண்டில்தான் நாட்டின் வாக்குறுதிக்காக மரம் நடப்போகிறார்களாம். வயிறு எரியாதா?

எங்களைப் பேசச் சொன்னதும், அதிகாரிக்குப் புரியட்டும் என்று நான் சிங்களத்தில் பேசினேன். சில நாடுகளில் வெளிநாட்டு ஒப்பந்தத்தைப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டாலே அது சட்டம். ஈக்வடார் அரசியலமைப்பு இயற்கைக்கே உரிமை கொடுத்திருக்கிறது. இந்தியாவில் உயிர்வாழும் உரிமையிலிருந்தே காலநிலைப் பாதிப்புக்கு எதிரான உரிமையும் வருகிறது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் அரசியலமைப்பிலோ சுற்றாடலைக் காப்பது அரசின் கடமை என்று அழகாக எழுதிவிட்டு, இதற்காக எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்று அந்த அத்தியாயத்தை முடித்திருக்கிறார்கள்.

"ரொம்ப நல்லது மிஸ்" என்றார் அதிகாரி. பேனாவைத் திறக்கக்கூட இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

தங்கச்சி என் சேலையை இழுத்தாள். "அக்கா, அந்த வாக்குறுதியில எவ்வளவு செய்யணும்னு யாரு சொல்றது?"

"அந்தந்த நாடேதான்."

"செஞ்சாங்களான்னு?"

"அதையும் அவங்களே எழுதி அனுப்புவாங்க. வெளியாளுங்க பாத்துக் கேள்வி கேப்பாங்க. தண்டனை கிடையாது."

அவ்வளவுதான், எழுந்துவிட்டாள்.

"எத்தன கிலோ கொழுந்துன்னு நீங்களே சொல்லி, நீங்களே எடுத்து, நீங்களே நிறுத்துக்குவீங்களா? எங்கள ஒரு நாளாவது தராசுப் பக்கம் விட்டிருக்கீங்களா? கிலோ கொறஞ்சா எங்களுக்கு அரைப்பேரு, அர நாள் சம்பளம். ஒங்களுக்கு என்னாங்க? மரம் வேணாங்கல. அத வெடிச்ச மலையில நடுங்க, எங்களக் கீழ எறங்க விடுங்க!"

ஒரு சொல் குறைக்காமல் சிங்களத்தில் சொன்னேன். மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்ன அதிகாரி, வரவுத்தாளைத் தங்கச்சியிடம் நீட்டினார்.

"நாங்க போட மாட்டோங்க."

அதிகாரிக்கு முகம் மாறிவிட்டது. கையெழுத்து இல்லாமல், மக்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று எப்படி அறிக்கையில் எழுதுவது என்று என்னிடம் கெஞ்சினார்.

அதை நான் தமிழில் சொன்னதும் தங்கச்சி சிரித்தாள். "எழுதாதீங்கன்னுதான் சொல்றோம்."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாப்பாட்டுப் பார்சலை ஒருத்தியும் தொடவில்லை. மேசையில் கிடந்த தாளில் என் கையெழுத்து மட்டும் தனியாக இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை அரசியலமைப்பைப் படித்தவள் நான், அதிகாரிக்கு வேண்டியதை முதல் ஆளாகக் கொடுத்திருக்கிறேன்.

அதிகாரியின் பேனாவையே வாங்கி என் கையெழுத்தின் மேல் அழுத்திக் கோடு போட்டு அடித்தேன்.

"அந்தத் துண்டு எங்களுக்கு என்று எழுதிக் கொண்டு வாருங்கள், பன்னிரண்டு பேரும் போடுகிறோம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தங்கச்சிக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நடந்தேன்.