ஞானம்பாள் சத்திரத்துக்கு எண் போட்டவன்

திருநெல்வேலியிலிருந்து சீவலப்பேரிக்கு டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் ரோட்டோரத்துக் கிலோமீட்டர் கல்லை யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தாலும் எண்தான் தெரியும், எழுதியவன் தெரியமாட்டான். தொண்ணூறுகளில் அந்த ரோட்டில் இருந்த எண்கள் அத்தனையும் பூதத்தான் எழுதியவை. என் பெயர் காசிலிங்கம். பாளையங்கோட்டையில் நெடுஞ்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். பூதத்தான் எங்கள் பிரிவில் சாலைப்பணியாளர். அவனை இருபது வருஷமாக அறிந்தவன் என்ற முறையிலும், அவனுக்குத் துரோகம் செய்த ஏழு பேரில் ஒருவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சீவலப்பேரிக்கு இந்தப் பக்கம் ஆற்றோரத்துக் காலனியில் அவன் வீடு. அப்பா அம்மா இரண்டு பேரும் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். எட்டாம் வகுப்போடு அவனும் மண்வெட்டி பிடித்தான். பிறகு எங்கள் துறையில் வேலை கிடைத்தது. குழி அடைக்க வேண்டும், ரோட்டோரத்துப் புல்லை மண்வெட்டியால் செத்தி எடுக்க வேண்டும், தார்ச்சட்டி தூக்க வேண்டும். எல்லாம் செய்வான். ஆனால் கல்லுக்குப் பெயிண்ட் அடிக்கும் நாள் வந்துவிட்டால் மட்டும் அவன் வேறு ஆள். பிரஷ்ஷை இன்னொருவன் தொடக் கூடாது. கல்லைக் கழுவி, காயவிட்டு, சுற்றி வந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் டப்பாவைத் திறப்பான். பிறவிச் சந்தேகக்காரன். ஒரு தடவை ஆபீஸ் கொடுத்த பட்டியலில் பதினான்கு என்று இருந்தது. "இது பதினாலு கிடையாது அண்ணாச்சி, எரநூறு மீட்டர் முன்னுக்க நிக்கி. நான் எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். என்ஜினியர் வந்து டேப் பிடித்துப் பார்த்தார். பூதத்தான் சொன்னதுதான் சரி. அன்றைக்கு என்ஜினியர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அவன் காலனிக்குப் பக்கத்தில் மேட்டில் ஒரு கல் சத்திரம் இருந்தது. ஞானம்பாள் சத்திரம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டைச் சைவப் பிள்ளைமார் குடும்பம் ஒன்று, செத்துப்போன தங்கள் மகள் பேரில் வழிப்போக்கருக்காகக் கட்டியது. நாற்பத்திரண்டு தூண்கள், கல்லிலேயே கூரை, நடுவில் முற்றம். பஸ் வந்த பிறகு வழிப்போக்கர் இல்லை. ஆடுகள் படுத்திருந்தன.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததே, அப்போது பூதத்தானின் காலனி முழுக்கத் தண்ணீருக்குள் போனது. மண்சுவரெல்லாம் கரைந்தது. அறுபது குடும்பம் அந்தச் சத்திரத்தில்தான் ஏறி நின்றது. ஆறு நாள் அங்கேயே சோறு பொங்கித் தின்றார்கள். பூதத்தானின் மனைவி சுடலைவடிவுக்கு இரண்டாவது பிள்ளை அங்கேதான் பிறந்தது. கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று அவன் சொல்லும்போது, தானே கட்டியதைப் போல ஒரு பெருமை குரலில் இருக்கும். மறுபடி வெள்ளம் வந்தால் ஏறி நிற்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு மேடு கிடையாது, வேறு கூரையும் கிடையாது. அதனால் அது நிற்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தொண்ணூற்றைந்தில் சத்திரத்தின் வடக்குப் பக்கம் இரண்டு தூண் சாய்ந்தது. அந்தக் குடும்பத்தின் வாரிசு சிவசண்முகம் சார்வாள் பாளையங்கோட்டையில் இருந்தார். சரித்திரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்திரத்துக்கும் அவர்தான் டிரஸ்டி. அவர் தலைமையில் ஒரு பாதுகாப்புக் குழு ஆரம்பித்தோம். ஏழு பேர். அவர் மருமகன் கணேஷ்ராம் செயலாளர். கலெக்டர் ஆபீசுக்கு மனு, பத்திரிகைக்குக் கடிதம், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுவது என்று கொஞ்சம் சுறுசுறுப்பாகத்தான் இருந்தோம். சார்வாள் பேச ஆரம்பித்தால் கல்லும் கரையும். "நம்ம கண் முன்னால இது அழிஞ்சா நாம மனுசங்களே இல்ல" என்பார். எனக்குக் கண் கலங்கும். இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர்க் குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, தெருச் சங்கம் எதுவானாலும் அதே வழக்கம்தான். கூட்டம் முடிந்ததும் காபி வரும். காபியோடு தீர்மான நோட்டும் வரும். பக்கம் காலியாக இருக்கும். அடியில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். மேலே எழுத வேண்டியதைச் செயலாளர் பிறகு வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதிக்கொள்வார். என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டால் பெரியவர்களை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். ஆபீசில் ஒரு சாதாரணக் கடிதத்தைக்கூட மூன்று தடவை வாசிக்காமல் நான் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. சார்வாள் வீட்டில் இரண்டு வருஷத்தில் பதினொரு காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வடை நன்றாக இருந்தது.

தொண்ணூற்றாறு தை மாதக் கூட்டத்தில் சார்வாள் சொன்னார். "ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நம்பர் போட்டு, பட்டியல் எடுத்து வச்சிரணும். நாளைக்கு ஒரு கல்லு விழுந்தாலும் இருந்த எடத்துலேயே தூக்கி வச்சிரலாம் பாருங்க. அரசாங்கத்துக்கு மனு போடவும் அது வேணும்." நம்பர் என்றதும் எனக்குப் பூதத்தான் ஞாபகம்தான் வந்தது. நானே அவன் பெயரைச் சொன்னேன். நானே போய்க் கேட்டேன். மறுநாள் வந்து, சரி அண்ணாச்சி, செய்யுதேன் என்றான்.

தையில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சைக்கிள் கேரியரில் டப்பாவை வைத்துக்கொண்டு வந்துவிடுவான். நான் நீள நோட்டோடு போவேன். சிற்பத்தின் மேல் பெயிண்ட் படக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தான். ஒவ்வொரு கல்லிலும் கண்ணை உறுத்தாத மூலையைத் தேடி, எந்த வரிசை, எந்தத் தூண், கீழிருந்து எத்தனையாவது என்று மூன்று எண் எழுதினான். கூடவே ஒரு சின்ன அம்புக்குறி, கிழக்கைக் காட்ட. "கல்லுக்கும் முகம் உண்டு அண்ணாச்சி. திருப்பி வச்சிட்டா மழைத்தண்ணி உள்ள எறங்கிரும்" என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்தக் கல்லின் மேல் எந்தக் கல் உட்காருகிறது, எதில் உடைப்பு, எதில் விரிசல் எல்லாம் எழுதினேன். மொத்தம் எண்ணூற்றுப் பதினாறு கற்கள். சுடலைவடிவு மத்தியானம் கஞ்சியும் கருவாடும் கொண்டு வந்து வைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போவாள். நோட்டு முடிந்ததும் நான் அதைக் கொண்டுபோய்ச் சார்வாள் கையில் கொடுத்தேன். அவர் பூதத்தானுக்கு ஒரு துண்டு போர்த்தினார்.

தொண்ணூற்றேழு வைகாசி, ஒரு புதன்கிழமை காலை. பூதத்தான் ஆபீஸ் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே வந்தான். மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, அங்கன லாரி வந்து நிக்கி. கல்லப் பிரிக்காங்க." சாய்ந்த தூணை நிமிர்த்தத்தான் ஆள் வந்திருக்கும் என்று அவனிடம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கூரைக் கல் பாதி இறங்கியிருந்தது. மூன்று லாரி, ஒரு கிரேன், இந்த வேலையில் பழக்கப்பட்ட வெளியூர் ஆட்கள். கல்லைச் சங்கிலியில் கட்டி, வைக்கோல் மேல் பூப்போல இறக்கினார்கள். மேஸ்திரி கையில் ஜெராக்ஸ் தாள் கட்டு ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். என் கையெழுத்து. என் நோட்டின் நகல்.

"எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டேன்.

"கடற்கரைப் பக்கம் பெரிய ஓட்டல் கட்டுறாங்க சார். அங்க கொண்டுபோய் அப்படியே நிறுத்தணும்" என்றார் மேஸ்திரி. மனிதர் நல்லவர்தான், ஒன்றையும் மறைக்கவில்லை. "நாங்க எவ்வளவோ வீடு, மண்டபம் பிரிச்சிருக்கோம். நம்பர் போடவே மாசக்கணக்காகும். இங்க ஒரு வேலையும் இல்ல. கிழக்குக்கு அம்புக்குறிகூடப் போட்டிருக்காங்க. யாரு சார் போட்டது? ஆளு வந்தா வேலைக்கு வச்சுக்குவோம்."

பூதத்தான் பக்கத்தில்தான் நின்றான். அனுமதி இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் குரலை உயர்த்தினேன். அவர் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். குழுவின் தீர்மானம். கட்டடம் விழும் நிலையில் இருப்பதால், கற்களைப் பாதுகாப்பான வேறு இடத்துக்கு மாற்ற டிரஸ்டிக்கு முழு அதிகாரம் அளித்து ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. அடியில் ஏழு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது. பூதத்தான் என் தோளுக்கு மேலாக வாசித்தான். எட்டாம் வகுப்புதான் என்றாலும் என் கையெழுத்து அவனுக்குத் தெரியும். மாதாமாதம் பார்க்கிறானே.

அவன் லாரியில் கிடந்த மண்ணெண்ணெய் டின்னையும் ஒரு கந்தையையும் எடுத்துக்கொண்டு, இறக்கி வைத்திருந்த கற்களிடம் போனான். உட்கார்ந்து முதல் கல்லின் எண்ணைத் துடைத்தான். இரண்டாவதையும் துடைத்தான். மேஸ்திரி கத்திக்கொண்டு ஓடினார். நான் அவரைப் பிடித்து நிறுத்தினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பூதத்தான் மூன்றாவதையும் அழித்தான். நான்காவது கல்லில் கையை வைத்தவன் அப்படியே இருந்தான். பிறகு எழுந்து வந்து மேஸ்திரியிடம் பெயிண்ட் கேட்டான். அழித்த மூன்று கல்லின் எண்களையும் அம்புக்குறியோடு திரும்ப எழுதினான். "நம்பர் இல்லன்னா இது எங்கயும் நிக்காது. வெறும் கல்லாப் போயிரும்" என்று மேஸ்திரியிடம்தான் சொன்னான், என்னிடம் இல்லை. நான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னை யாரும் கவனிக்கவில்லை.

அங்கிருந்து நேரே சார்வாள் வீட்டுக்குப் போனேன். ஈசிசேரில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்வே இப்படிக் கொதிக்கீரு? உக்காரும்" என்றார். "அது இங்கன கெடந்தா இன்னும் பத்து வருசத்துல மண்ணாப் போயிரும். அங்க கண்ணு மாதிரி வச்சிக்கிடுவான். வெளிநாட்டுக்காரன் வந்து பார்ப்பான். நாம பாதுகாக்கணும்னுதான சங்கம் வச்சோம்? பாதுகாத்தாச்சு."

"அறுபது குடும்பம் வெள்ளத்துல நின்ன எடம் சார்வாள் அது. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அவங்க பேரு பத்திரத்துல இருக்காவே? ஒம்ம பேரு தீர்மானத்துல இருக்கு. எங்கிட்ட வந்து சத்தம் போடுதீரே!" உள்ளே திரும்பி, காசிக்குக் காபி கொண்டு வரச் சொன்னார். அந்தக் காபி வருவதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். குடும்பச் சொத்து, குழுவின் தீர்மானமும் முறையாக இருக்கிறது, மனுதாரரே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பதில் வந்தது. கலெக்டர் ஆபீஸ்காரர்கள் சிரித்த சிரிப்புக்கும் ஆளானேன். பதில் வருவதற்கு முன்பே மேட்டில் அஸ்திவாரக் குழிகள்தான் மிச்சம். காலனிப் பிள்ளைகள் அதற்குள் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தன.

பூதத்தான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆபீசுக்கு வந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேஜையைத் தாண்டிப் போவான். ஒரு மாதம் இப்படியே போனது. என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் பத்து மணி வெயிலில் அவன் புல் செத்திக்கொண்டிருந்த இடத்துக்கே போனேன். நடந்ததைச் சொன்னேன். காலிப் பக்கம், காபி, வழக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். சார்வாள் நம் எல்லாரையும் ஏமாற்றிவிட்டார், உன்னைப் போல நானும் ஏமாந்தவன்தான் என்றேன்.

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசிவரை கேட்டான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சார்வாள் என்னய ஏமாத்தல அண்ணாச்சி" என்றான். "அவர நான் என்னைக்கு நம்புனேன்? நம்பர் போட நீங்க வந்து கேட்டுட்டுப் போன அன்னைக்கே வடிவு வேண்டாம்னுட்டா. பெரிய வீட்டுக்காரங்க சங்காத்தம் நமக்கு எதுக்குன்னு ஒரே சண்ட. நாந்தான் அவ வாய அடைச்சேன். காசி அண்ணாச்சி ஒரு தாளையும் வாசிக்காமக் கையெழுத்துப் போட மாட்டாரு, அவரு இருக்க எடத்துல தப்பு நடக்காதுன்னு அவகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தேன்."

பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து புல்லைச் செத்த ஆரம்பித்தான்.