இமையில் கட்டிய நூல்

என் வீட்டுக்காரர் முடிதிருத்துபவர். வாடிக்கையாளர் கழுத்தில் மரு தொங்கினால் பட்டுநூலால் சுருக்குப் போட்டுவிடுவார். ஒரு வாரத்தில் கருகி உதிரும். அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனாலேயே மனுஷனுக்குத் தலைக்கனம்.

நாற்பத்தாறு வயதில் அவருடைய இடது மேல் இமையிலேயே மிளகளவு சிவப்பாக ஒன்று முளைத்தது. இரண்டே மாதத்தில் கடலைப் பருமனாகி, கண்ணைப் பாதி மூடிவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்று காட்டுக் கத்தலாகக் கத்தினேன்.

"ஊருக்கே மரு எடுக்கறவன் டாக்டர்கிட்ட போனா சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக் கண்ணாடி முன்னால் நின்று அதற்கும் சுருக்குப் போட்டு இழுத்தார். அது மருவே இல்லை. ரத்தம் பீய்ச்சி அடித்தது. காப்பி கொண்டுபோயிருந்த நான் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரை டாக்சியில் ஏற்றினேன். வழி முழுக்க வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் கட்டியை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "புற்றா இருந்தா இன்னும் நிறைய எடுக்கணும். கண்ணே போனாலும் போகலாம். பத்து நாள்ல தெரியும்," என்றார் டாக்டரம்மா.

நாளை எண்ணிக்கொண்டு திரிந்தேன். அவரோ தினமும் கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஏழாம் நாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனால், கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கண்ணில் கட்டோடு வந்து திறந்தார். முகமெல்லாம் நுரை, தாடையில் நாலு இடத்தில் வெட்டு. இருபத்தைந்து வருஷத்தில் அவர் கத்தி யாரையும் கீறியதில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"ஒத்தக் கண்ணோட சவரம் பண்ணப் பழகறேன். அடுத்தவன் கழுத்துல வெக்கறதுக்கு முன்னால என் கழுத்துல பாத்துக்கறேன்."

கத்தியை வாங்கி மடக்கி வைத்தேன்.

பத்தாம் நாள் டாக்டரம்மா தாளைப் புரட்டப் புரட்ட எனக்கு உயிரே போனது.

"புற்று இல்ல. சின்னச் சின்ன ரத்தக்குழாய் சேந்து வளந்த கட்டி. பெரியவங்களுக்கு இமையில வர்றது ரொம்ப அபூர்வம். முழுசா எடுத்தாச்சு, பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. கட்டியால ஆபத்தில்ல, உங்க நூலாலதான் கண்ணு போயிருக்கும்," என்று அவரை முறைத்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு என்ன ஆனதோ, அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, இப்ப ஏன்டி அழற?" என்று என் கையைப் பிடித்தார்.

"இப்பத்தாங்க அழ முடியுது," என்றேன்.