நெஞ்சை அழுத்தும் பட்டை

அந்த மீன்கார அம்மாவிடம் ஏன் பொய் சொன்னேன்? இன்னும் தெரியவில்லை.

மலைப்பாதைப் பயணத்துக்குப் பயிற்சியாகக் காரைக்காலிலிருந்து சைக்கிளில் வந்து மண்டபத்தூரில் நிற்கிறேன். முதுகில், உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பை.

"பை ஒழுகுது பாரும்மா, சட்டை முன்பக்கமெல்லாம் ஈரம்" என்கிறார் மீன்கார அம்மா.

"ஆமாங்க, குழாய் லீக்."

அவர் சிரிக்கிறார். "பை முதுவுலல்ல இருக்கு? புள்ளைக்கு எத்தினி மாசம்?"

"ஏழு." என்னால் தலைநிமிர முடியவில்லை. குழந்தை மாமியாரிடம் இருக்கிறான்.

"பால் கட்டிக்கும். வா, ஐஸ் பெட்டி மறைவுல பீய்ச்சி வுட்டுட்டுப் போ." முந்தானையை விரித்து எனக்கு மறைப்பாக நிற்கிறார். மீன் வாங்க வந்தவரிடம், "செத்த அந்தாண்ட நில்லுங்க" என்கிறார்.

பெண்களுக்கான பை என்றுதான் வாங்கினேன். அதன் குறுக்குப் பட்டை மார்பிலேயே அழுத்திப் பால் கசிய வைக்கிறது. பாலூட்டும் காலத்தில் நெடுந்தூரம் ஓட்டிய அம்மாக்கள் சொல்லுங்கள்: பட்டையை மேலே ஏற்றிக்கொள்ளக்கூடிய பை எது? இல்லை, குழந்தை பால்குடி மறக்கும்வரை ஓட்டாமலிருப்பதுதான் சரியா?