நெரிசா யாரையும் நம்புவதில்லை

பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் நெரிசாவை வேலைக்குக் கூப்பிடும் நிறுவனங்களுக்கு முதலில் அவள் மேல் எரிச்சல்தான் வரும். அங்கே வந்து போகிறவர்களின் பெயர், போன் நம்பர், நோய் விவரம் எதுவும் வெளியே கசியாமல் இருக்க வழி சொல்வது அவள் தொழில். உள்ளே நுழைந்ததும் குப்பைக்கூடையைத்தான் கிளறுவாள். வீட்டிலும் அதே புத்திதான். அவள் பிறந்தநாள் படத்தைக் கணவன் ஃபேஸ்புக்கில் போட்டதற்கு ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. "உன்னோட வாழுறது கஸ்டம்ஸ் ஆபீசுல குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு" என்று அவன் அலுத்துக்கொள்வான்.

டாக்டர் உர்பானோவின் மகப்பேறு கிளினிக் அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் ஒரு புகார். டெலியா, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் ஆகாதவள். கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்த மறுநாள், குழந்தைகளுக்கான பால்பவுடர் விற்கிறவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். சார்ஜில் கிடந்த அவள் போனை எடுத்தது அவள் அப்பா.

"விசாரிக்க என்ன இருக்கு மேடம்?" என்றார் டாக்டர். "ரிசப்ஷன்ல உக்காந்திருக்காளே ஜூனலின், அவதான். யார் வந்தாலும் போனை மறைக்கிறா. ரிப்போர்ட்ல அவ பேரைப் போட்டுக் குடுங்க, நாளைக்கே அனுப்பிடறேன்."

இவ்வளவு தயாராக ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறவரை நெரிசாவால் நம்ப முடியவில்லை. அதற்காக ஜூனலினை நம்பினாள் என்றும் இல்லை. இவள் கவுன்டர் பக்கம் போனாலே அந்தப் பெண்ணின் போன் மேசைக்குள் போய்விடும்.

"யாரோட பேசிட்டு இருந்தே?"

"ஏன் மேடம், அதையும் பாதுகாக்கப் போறீங்களா?"

ஸ்கேன் எடுக்கிறவர் அதிகமாகச் சிரித்தார். அது சரியாகப் படவில்லை. கம்ப்யூட்டர் பழுது பார்க்க வருகிறவர் சிரிக்கவே இல்லை; அதுவும் சரியாகப் படவில்லை.

நெரிசா இரண்டு புது சிம் வாங்கினாள். "என் சித்தி பொண்ணு வரப்போறா" என்று ஒரு நம்பரை ஜூனலினிடம் பதியச் சொன்னாள். இன்னொன்றை, யாரும் பார்க்காதபோது, வாசலில் நிற்கும், பெயரும் நம்பரும் கேட்டு டோக்கன் தரும் மெஷினில் ஒரு பொய்ப் பெயரோடு தட்டிவிட்டு வந்தாள். மதியம் ரோட்டுக்கடையில் ஓலைப்பொட்டலச் சோறும் சுட்ட பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"வாழ்த்துகள் மம்மி! எத்தனையாவது மாசம்?"

மெஷினில் தட்டிய நம்பர் அது. ஜூனலினிடம் கொடுத்தது அந்த வாரம் முழுக்க ஊமையாகவே கிடந்தது.

மெஷினை இலவசமாகக் கொடுத்தது குழந்தைப் பொருள் விற்கும் ஒரு கம்பெனி. வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன் போனது. அவர்கள் பெயரும் நம்பரும் கம்பெனிக்குப் போயின.

"சும்மா குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். கையெழுத்துப் போடும்போது யாரு அதையெல்லாம் படிக்கிறா?" என்ற டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாதா என்பது கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை. "மெஷினைத் தூக்கிடலாம். பேஷண்ட்டுங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? ஊரே பேசும்."

"டெலியாவை ஊர் ஏற்கெனவே பேசிட்டு இருக்கு டாக்டர். பேஷண்ட்டுங்களுக்கும் சொல்லணும், அரசாங்கத்தோட தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்கும் சொல்லணும். சட்டம் அப்படித்தான். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

டாக்டர் முணுமுணுத்தபடி இறங்கிவந்தார். எல்லோருக்கும் குறுஞ்செய்தி போனது. அதற்குப் பிறகு அந்தக் கிளினிக் அவளைக் கூப்பிடவில்லை.

கிளம்பும்போது ஜூனலினிடம் போய் நின்றாள். "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

"தெரியும். ரியாத் ஆஸ்பத்திரி வேலைக்குப் பேசிட்டு இருந்தேன், டாக்டருக்குத் தெரிஞ்சா தொலைஞ்சேன். நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன் மேடம். நீங்க வந்த அன்னைக்குத்தான் லோன் கம்பெனிக்காரன் எனக்குக் கூப்பிட ஆரம்பிச்சான்."

டெலியாவை ஒரு பேக்கரியில் சந்தித்தாள். பள்ளியில் நீண்ட விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பா பேசுவதில்லை.

"என் நம்பர் இப்போ யார்கிட்ட இருக்கு அக்கா?"

"கம்பெனியில அழிச்சுட்டதா எழுதிக் குடுத்திருக்காங்க."

"நீங்க நம்புறீங்களா?"

"இல்ல."

டெலியாவின் இறுகியிருந்த தோள் தளர்ந்தது. "இவ்வளவு நாளும் எல்லாரும் என்கிட்ட 'நம்பு, நம்பு'ன்னுதான் சொன்னாங்க. இதுக்கு என்ன செய்யலாம், சொல்லுங்க."

ஆறிப்போன காப்பியை ஒதுக்கிவைத்துவிட்டு இருவருமாக ஆணையத்துக்குப் புகார் எழுதினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கம்பெனி மேல் விசாரணை தொடங்கியது. நகரத்தின் பல கிளினிக்குகளிலிருந்து அந்த மெஷின்கள் கழற்றப்பட்டன. கன்னியாஸ்திரிகள் டெலியாவைத் திரும்ப எடுக்கவில்லை; அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது.

பெண் குழந்தை பிறந்ததும் டெலியா புது நம்பரிலிருந்து கூப்பிட்டாள். அப்பா வந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டாராம், தன்னோடு இன்னும் பேசவில்லையாம். நெரிசா அந்த நம்பரை யார் பெயரும் போடாமல் சேமித்துக்கொண்டாள்.