பன்னிரண்டாம் நம்பர் காடு

எங்கள் புவியியல், சுற்றுச்சூழல் துறையின் செய்திப் பக்கத்தை எழுதுகிறவள், அலுவலகக் குமாஸ்தாவான கிராணி சரளா. யாருக்கு விருது, யார் மாநாட்டுக்குப் போனார், எந்தப் பேராசிரியர் மரம் நட்டார் எல்லாம் அவள் கையால்தான் உலகத்துக்குப் போகும். நட்டவர் மறுநாள் தண்ணீர் ஊற்றினாரா என்று மட்டும் எழுத மாட்டாள். அந்த ஆத்திரம் எனக்குத்தான். ஆய்வுக்கூடத்தைக் கூட்டிப் பூட்டுகிறவனுக்கு யார் எழுத இடம் தருவார்கள்?

சரளா சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் மூடி ஜனம் சிதறிய பிறகும், அவளும் கணவர் தேவனும் ஆற்றோரம் பதினெட்டு வீடுகள் உள்ள வரிசையில் தங்கிவிட்டார்கள். பதினாறு வருடத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. போன மாதம் பார்த்தேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு, துறை தயாரித்த வெள்ள அபாய வரைபடத்தை மாவட்ட அலுவலகத்திடம் ஒப்படைக்கும் விழா. செய்தி எழுதக் காலையிலேயே அந்த வரைபடத்தைத் திறந்தவள், தன் வீட்டு வரிசை முழுக்கப் பச்சையாக இருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'காட்டை அழித்துக் கட்டியவை. வீடுகளை அகற்றி மரம் நட வேண்டும்.'

வரைந்தவர் டாக்டர் ஆர்த்திகா, ஈப்போ நகரத்துப் பிள்ளை. கெட்டிக்காரி. ரப்பர் மரத்தைக் காரில் போகும்போது பார்த்திருப்பார். சரளா நேரே அவர் மேசைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"டாக்டர், எங்க எடத்தைக் காடுன்னு யாரு சொன்னா?"

"அங்க இருக்கிறவங்கதான், அக்கா. முன்னாடி இங்க என்ன இருந்துச்சுன்னு ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேரும் பன்னெண்டாம் நம்பர் காடுன்னாங்க."

"நம்பர் போட்ட காடு எங்கயாச்சும் இருக்குமா லா? ரப்பர் நட்ட எடத்தைத்தான் தோட்டத்துல காடும்போம். காட்டுக்குப் போறேன்னா பால் வடிக்கப் பால்மரம் வெட்டப் போறேன்னு அர்த்தம்."

ஆர்த்திகாவின் முகம் வெளுத்தது. ஆனாலும் ஆதாரம் வேண்டும் என்று, பதிவு செய்து வைத்திருந்த பேச்சைப் போட்டார். அந்த ஆறு பேரில் ஒருவரான இருளாயி அக்காவின் குரல் வந்தது: "வெடியக்காலம் காட்டுக்குப் போனா, முந்நூறு மரம் வெட்டி, மரத்துல கட்டுன மங்குல வடிஞ்ச பாலை வாளியில எடுத்துட்டு வந்து, நிறுத்துக் குடுத்தப்புறந்தான் வீடு."

ஆர்த்திகா எதிரில் உட்கார்ந்து கேட்ட பேச்சுதான். காடு என்றதும் காதை மூடிக்கொண்டார் போலிருக்கிறது.

"தப்பு என்னுதுதான், அக்கா," என்றார். படித்தவர் வாயில் அது லேசில் வராது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் பச்சையை அழித்தார். நான் பிரிண்டரோடு மல்லுக்கட்டினேன். ஒன்றரை மணிக்குப் புது வரைபடம் வந்தது: 'பழைய ரப்பர் தோட்டம், குடியிருப்பு. ஆற்றின் கரையை உயர்த்த வேண்டும்.' மாவட்ட அதிகாரி அதையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

காலையிலிருந்து தேவனிடம் ஒரு வார்த்தை சொல்லாதவள், விழா முடிந்ததும் மாடிப்படியில் நின்று போன் போட்டாள்.

"ஏங்க, நம்ம வீடு இருக்குங்க."

"வீட்டுலதான் படுத்திருக்கேன். அது எங்க போவும்?" என்றது தேவன் குரல்.

சரளா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவள் அழுது முடிக்கும்வரை போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.