தண்ணி வரல மாப்ள

காலையில் போன் அடித்தால் எடுக்க எனக்கு மனசே வராது. காரைக்காலில் கடற்கரைக்குப் போகிற சாலையில் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவனுக்கு, அந்த நேரத்தில் நல்ல செய்தி சொல்ல யார் கூப்பிடப் போகிறார்கள்? ஒழுங்காக ஓடுகிற இன்ஜினைப் பற்றி இதுவரை ஒருத்தரும் என்னிடம் பேசியதே கிடையாது.

இந்தக் கடைக்கு முன்னால் வளைகுடாவில் ஒரு படகுத்துறையில் வேலை பார்த்தேன். அங்கே இன்ஜின் நின்றால் இன்னொரு படகு வந்து இழுத்துக்கொண்டு போகும். இங்கே பைபர் படகின் பின்னால் மாட்டியிருக்கிற ஒற்றை இன்ஜினை நம்பித்தான் ஆள் கரை திரும்ப வேண்டும்.

அந்த இன்ஜின் கடல் தண்ணீரையே உறிஞ்சி, உள்ளே சுற்றவிட்டுத் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாக, மூடிக்குக் கீழே ஒரு சின்னத் துளை வழியாக மெல்லிய தாரை பீச்சிக்கொண்டே இருக்கும். பச்சைப்பிள்ளை ஒன்றுக்குப் போகிற மாதிரி என்று கோட்டுச்சேரிமேட்டு மீனவர்கள் கேலி செய்வார்கள். கேலி செய்கிற நேரத்துக்கு அதை ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம், பார்க்க மாட்டார்கள். ஆழமில்லாத இடத்திலேயே ஸ்டார்ட் செய்து மணலை உறிஞ்சவிடுவார்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள் என்றால், "குளிப்பாட்டி பவுடரும் போட்டு விடவாண்ணே?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்குக் கூப்பிட்டவன் மேட்டுக்காரன்; பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அதற்கு முந்தைய நாள்தான் அவன் இன்ஜினில் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தைப் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தேன். போன் வந்தபோது அவன் மனைவி என் கடை வாசலில் நின்றிருந்தாள். எங்கள் தெருக்களில் மீன் விற்கிறவள். கூடையை இறக்கி மூச்சு வாங்கிக்கொள்வது என் கடை நிழலில்தான்.

"மாப்ள, தண்ணி வரல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கடைக்குள் போனேன்.

"ஆஃப் பண்ணு மொதல்ல. எப்ப நின்னுச்சு?"

"தெரியலடா. கெளம்புறப்ப இருட்டு, பாக்கல. இப்பதான் பாக்குறேன்."

வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலிருந்தது. எப்போது நின்றது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கிளம்பும்போதே உள்ளே தண்ணீர் ஓடவில்லை என்றால் இன்ஜின் இதற்குள் இறுகிப்போயிருக்கும். இப்போதுதான் நின்றது என்றால் இனிமேல் இறுகும். பழைய இன்ஜின், சூடானால் கத்த வேண்டிய பஸ்ஸர் எப்போதோ செத்துவிட்டது. சக்கரத்தைத் தண்டோடு பிடித்துவைக்கும் சின்னக் கட்டையைப் போட்டேனா? போட்டேன். போட்டதை என் கண் பார்த்தது. இருந்தாலும் என் விரல்கள் அதை மறுபடி மறுபடி தேடின.

"காத்து எப்படி?"

"மேக்காத்து. நல்லாத்தான் தள்ளுது. பக்கத்துல படகு ஒண்ணும் காணோம்."

மேல்காற்று என்றால் படகு கரையை விட்டு விலகிக்கொண்டே போகும். அணைத்துவைத்த இன்ஜினோடு அவனும் கூட இருக்கிற இரண்டு பேரும் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டு என்று நான் சொல்லி, அது இறுகிவிட்டால்? ஓட்டாதே என்றால் மட்டும் என்ன? யா அல்லா, இதை ஏன் என் வாயால் சொல்ல வைக்கிறாய் என்று நினைத்தேன்.

"இன்ஜினத் தூக்கிப் பாரு. உறிஞ்சுற எடத்துல பிளாஸ்டிக் பை சுத்தியிருக்கா?"

"இல்ல."

"மூடியத் தொற. மேல கை வச்சுப் பாரு, பாத்து."

வாசலிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். "அவுங்களாண்ணே?" நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"சூடுதான். ஆனா கை வச்சுக்கிட்டே இருக்க முடியுதுடா."

எனக்கு மூச்சு வந்தது. உள்ளே தண்ணீர் ஓடாத இன்ஜின்மேல் கை வைத்துக்கொண்டிருக்க முடியாது. அப்படியென்றால் அடைப்பு வெளித் துளையில் மட்டும்தான்.

"தங்கூசி நரம்பு ஒரு துண்டு வெட்டி அந்த ஓட்டைல விட்டுக் குத்து. குத்திட்டு ஸ்டார்ட் பண்ணு. தண்ணி வரலன்னா ஒடனே ஆஃப் பண்ணிரு."

காற்று இரைந்தது. நைலான் நரம்பைத் தேடி அவர்கள் கத்திக்கொள்வது கேட்டது. பிறகு அவன் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி: "மஞ்சளா கட்டி கட்டியா வருது மாப்ள! சந்தனம்டா!"

பழுது பார்த்த இன்ஜின் வீட்டுக்குப் போனால் அதுவும் புது இன்ஜின்தான். சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைத்துத்தான் கடலுக்கு அனுப்புவார்கள். அதை வைப்பது அவள். மூடிக்குக் கீழே இருக்கிற அந்தத் துளை, பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் மாதிரி இருக்கும். நிறையவே வைத்திருக்கிறாள், காய்ந்து இறுகிவிட்டது.

இன்ஜின் உறுமியது. "பீச்சுதுடா! நல்லா பீச்சுது!" என்று அவன் சிரித்தான். "மெதுவா கரைக்கு வா. அதப் பாத்துக்கிட்டே வா," என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன்.

அவள் உள்ளே வந்தாள். "என்னாண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஓட்டைல பாசி அடைச்சிருக்கு. எடுத்தாச்சு."

அவள் என் கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கரை சேர்ந்ததும் அவன் நேரே கடைக்கு வந்தான். "அவகிட்ட சொல்லிறாத. அப்புறம் அவ மனசு தாங்காது."

"பாசின்னு சொல்லிட்டேன்," என்றேன். அவனுக்கு ஒரே நிம்மதி. இரண்டு பேரும் பெரிய சாமர்த்தியசாலிகள் போல டீ குடித்தோம்.

அடுத்த முறை அந்த இன்ஜின் சர்வீசுக்கு வந்தபோது, சந்தனப் பொட்டு மூடியின் உச்சியில் இருந்தது. கீழே துளையைச் சுற்றி உப்புக்கூட இல்லாமல் யாரோ தேய்த்து வைத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றபோது அவள் கூடையை இறக்கினாள்.

"பாசி ரொம்ப புடிக்கிதுண்ணே," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "அதான் அவுங்க கெளம்புறதுக்கு முன்னாடி தெனமும் நானே போயி ஊசி விட்டு எடுத்துர்றேன். டார்ச் அடிச்சு, தண்ணி பீச்சுறத என் கண்ணால பாத்தாத்தான் வீட்டுக்குத் திரும்புறேன்."