சுவரைத் தட்டினால் ரைட்டு

மகள் துரத்திவிட்டாளாம், பாவம் மனுஷன் வெளிநாட்டில் நாளெல்லாம் பஸ்ஸிலேயே சுற்றுகிறாராம். தெருவெல்லாம் இதே பேச்சு. பஸ்ஸில் பார்த்தவன் ஒருத்தன். கதை கட்டியவர்கள் நூறு பேர். ரைட்டு மாமாவை யாரும் துரத்தவில்லை. அவராகத்தான் கிளம்பினார், அதுவும் வெறுங்கையோடு இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி உரமேறிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் பின்சீட்டுக்காரன் பதில் சொல்வான். பஸ்ஸின் தகரத்தில் கையால் இரண்டு தட்டு, "ரைட்டு" என்று ஒரு குரல்; வண்டி நகரும். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மகளும் மருமகனும் வேலைக்குப் போக, ஏழு மாதப் பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே போனார். அந்தக் குடியிருப்பில் சாவி விழுந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். மாமாவோ பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் பழைய தடத்தின் நிறுத்தங்களையே தாலாட்டாகப் பாடுவார். ஆஸ்பத்திரி, மார்க்கெட், மில் கேட். அதைத் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் வீட்டிலேயே கடிகாரம் பழுதுபார்ப்பவர். இரண்டாம் நாளே சுவரில் இரண்டு தட்டு கேட்டது. மாமாவுக்குப் புல்லரித்துவிட்டது. முகம் தெரியாத மனுஷன் ரைட்டு கொடுக்கிறானே! குரலைக் கொஞ்சம் ஏற்றினார். மறுபடி தட்டு, இன்னும் பலமாக. மாமா பாட்டிலேயே டிப்போ வரைக்கும் போய்வந்தார்.

ஒரு மாதம் இப்படி ஒற்றுமையாக ஓடியது. பிறகு குடியிருப்பு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மகள் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இங்க சுவரத் தட்டினா சத்தத்த நிறுத்துன்னு அர்த்தம். இன்னொரு புகார் போனா வீட்டக் காலி பண்ணணுமாம்."

"அடப்பாவி, அப்ப அவன் ரசிக்கலையா?"

அவள் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்காக அவர்கள் எட்டு மாதம் அலைந்தது மாமாவுக்குத் தெரியும். அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. காலில் சாக்ஸ், பாத்திரத்துக்கு அடியில் துண்டு, தும்மல் வந்தால் தலையணைக்குள். ஆனால் பேரன் ஒத்துக்கொள்ள வேண்டுமே. அந்த அமைதியில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, வீறிட்டான். மூன்றாம் நாள் சுவரில் மறுபடி தட்டு. மாமா பேரனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரம் பேரனுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு அப்பாவும் மகளும் பஸ்ஸில் திரும்பினார்கள். பின்சீட்; அந்த ஊர் பஸ்ஸில் இன்ஜின் அதற்கு அடியில்தான். ஊசி வலியில் அழுதுகொண்டிருந்தவன், வண்டி உறுமியதும் அடுத்த நிறுத்தத்துக்குள் தூங்கிப்போனான்.

"அம்மாடி, எனக்கு ஒரு பஸ் பாஸ் எடுத்துக் குடு."

"தினமும் பஸ்லயா சுத்தப் போறீங்க? நான் தொரத்திட்டேன்னுல்ல பேசுவாங்க?"

"பேசட்டும். சுவரத் தட்டுறவன விட பேசுறவன் தூரத்துல இருக்கான்."

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போனதும் பால் புட்டி, துண்டு, பாஸ் எல்லாம் எடுத்துவைத்து, பேரனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார். கதவை ஓசையில்லாமல் சாத்தினார். பழக்கதோஷம், கை தானாகச் சுவருக்குப் போனது. பாதியிலேயே இழுத்துக்கொண்டு, தள்ளுவண்டியின் கைப்பிடியில் ஒற்றை விரலால் இரண்டு தட்டு தட்டினார். வண்டி நகர்ந்தது.